வீட்டு மனை கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்? வரைபடத்தின் நிறமும் அதனடியில் இருக்கும் எண்ணும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: நம் இடம் மேடா, பள்ளமா? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு சேர்த்து இதையும் விசாரிக்கிறார்கள். விசாரிப்பது பெரும்பாலும் இணைய வரைபடத்தில்தான். குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உதாரணத்துக்கு, ஒரே மனைக்கு ஒரு தளம் 7 மீட்டர் என்கிறது. இன்னொன்று 12.4 என்கிறது. கைப்பேசிச் செயலி ஒன்றில் மைனஸ் 78 என்று வருகிறது. பக்கத்து ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் என்று எழுதியிருக்கும் எண்ணோ இவை எதனோடும் ஒத்துப்போவதில்லை.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குச் சொன்ன பதில்கள். எந்தக் கேள்வி என்பதை வரைபடம் சொல்வதில்லை. திரையில் தெரியும் நிறத்துக்குப் பின்னால் தரவு எப்படி இருக்கிறது, மென்பொருள் அதை எப்படி வரைகிறது, சொடுக்கும்போது எந்த எண்ணை எடுத்துத் தருகிறது என்று அடியிலிருந்து பார்த்தால் குழப்பம் தெளியும்.

கவரேஜ், ராஸ்டர், பிக்சல்

சாலை, கிணறு, வார்டு எல்லை ஆகியவை தனித்தனிப் பொருள்கள். இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று அவற்றைக் காட்டிவிடலாம். உயரம், வெப்பநிலை, மழையளவு ஆகியவை எங்கும் பரவிக் கிடப்பவை. நிலத்தில் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அங்கே ஓர் உயரம் உண்டு. இடத்தைச் சொன்னால் மதிப்பைத் தரும் இத்தகைய தரவுக்கு வரைபடத் துறையில் கவரேஜ் என்று பெயர்.

கவரேஜைச் சேமிக்க எளிய வழி, நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் எழுதி வைப்பது. அந்தக் கட்டவரிசைதான் ராஸ்டர். ஒரு கட்டம் ஒரு பிக்சல். கேமராப் படத்தின் பிக்சலில் நிறம் இருக்கும். உயர ராஸ்டரின் பிக்சலில் நிறம் கிடையாது, எண் மட்டும்தான். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று நாம் பார்ப்பதெல்லாம் பிறகு யாரோ பூசியது.

எண்கள் மட்டும் இருந்தால் போதாது. முதல் கட்டம் பூமியில் எங்கே இருக்கிறது, ஒரு கட்டத்தின் அகல நீளம் என்ன, எண்ணின் அலகு மீட்டரா அடியா, எந்த எண் "இங்கே அளவீடு இல்லை" என்பதைக் குறிக்கிறது, உயரம் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது ஆகியவையும் கூடவே வர வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் எண் கிடைக்கும், ஆனால் அது தவறான எண்ணாக இருக்கும்.

பதினொரு நாளில் அளந்த பூமி

இணையத்தில் கிடைக்கும் இலவச உயரத் தரவுகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எண்டேவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றிக்கொண்டே ரேடார் அலைகளை அனுப்பி எடுத்த அளவீடு இது. விண்ணோடத்தில் ஓர் ஆண்டெனா, அதிலிருந்து 60 மீட்டர் நீண்ட கம்பத்தின் முனையில் இன்னோர் ஆண்டெனா. இரண்டு கண்ணால் பார்த்து ஆழத்தை உணர்வது போல, இரண்டு ஆண்டெனாக்களுக்கும் திரும்பி வந்த அலைகளின் வேறுபாட்டிலிருந்து நிலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். வடக்கே 60 டிகிரிக்கும் தெற்கே 56 டிகிரிக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் இப்படி அளக்கப்பட்டது.

ஒரு டிகிரி நீளம், ஒரு டிகிரி அகலம் கொண்ட பகுதிக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரே அதன் தென்மேற்கு மூலையைச் சொல்லிவிடும். என்13இ080 என்றால் 13 முதல் 14 டிகிரி வடக்கு, 80 முதல் 81 டிகிரி கிழக்கு. சென்னை சென்ட்ரல் இந்தக் கோப்பில் இருக்கிறது. திருவான்மியூரும் வேளச்சேரியும் 13 டிகிரிக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் என்12இ080 கோப்பில் இருக்கின்றன. ஒரே நகரம் இரண்டு கோப்பில் பிரிந்து கிடப்பதை அறியாமல் ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு, "தென்சென்னைக்குத் தரவே இல்லையே" என்று திகைப்பவர்கள் உண்டு.

ஒரு கோப்பில் 3,601 வரிசை, 3,601 நிரல். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட். பெருக்கினால் 2,59,34,402 பைட். சுருக்காத கோப்பின் அளவு இம்மி பிசகாமல் இதுதான். கட்டங்களுக்கு இடையே ஒரு விகலை, அதாவது ஒரு டிகிரியின் 3,600இல் ஒரு பங்கு. சென்னையின் அட்சரேகையில் அது வடக்கு தெற்காகச் சுமார் 30.7 மீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 30.1 மீட்டர். ஆக ஒரு பிக்சலின் பரப்பு ஏறத்தாழ 925 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால், 2,400 சதுர அடிக்கு ஒரு கிரவுண்டு என்ற அளவில், நான்கு கிரவுண்டுக்கும் சற்று அதிகம். நான்கு வீட்டுக்கும் அவற்றுக்கு நடுவே போகும் தெருவுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அரை கிரவுண்டு மனையின் உயரத்தைத் தனியாகச் சொல்ல இந்தத் தரவால் இயலாது. எந்தத் தளம் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டினாலும் இது மாறாது.

அந்த எண் முழு எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது, தசமம் கிடையாது. ஒரு தளம் இந்தத் தரவிலிருந்து 7.25 மீட்டர் என்று காட்டினால், அந்தப் புள்ளி இரண்டைந்து மென்பொருள் உண்டாக்கியது. எப்படி உண்டாக்குகிறது என்று பிறகு பார்ப்போம்.

எண் நிறமாகும் வழி

ராஸ்டரைத் திரையில் வரைவதை ரெண்டரிங் என்கிறார்கள். கணினியில் வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருள் ஆனாலும், இணையத்தில் வரைபடங்களை அனுப்பும் ஜியோசர்வர் மென்பொருள் ஆனாலும் படிகள் ஏறத்தாழ ஒன்றே.

1. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தரவின் எந்தப் பிக்சல் அல்லது பிக்சல்கள் பொருந்தும் என்று முடிவு செய்தல்.
2. அளவீடு இல்லாத பிக்சல்களை நீக்கி அங்கே எதுவும் வரையாமல் விடுதல்.
3. மீதமுள்ள எண்களில் எது மிகக் குறைவு, எது மிக அதிகம் என்று எல்லை வகுத்து, இடைப்பட்டவற்றை அந்த எல்லைக்குள் நீட்டிப் பரப்புதல். இதற்கு ஸ்ட்ரெச் என்று பெயர்.
4. பரப்பிய மதிப்புகளுக்கு நிறவரிசையிலிருந்து நிறம் கொடுத்தல்.
5. தேவையானால் மேலே மலை நிழல் சேர்த்தல்.

படம் பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டாவது, மூன்றாவது படிகளில்தான். எஸ்.ஆர்.டி.எம்.மின் மூலக் கோப்பில் அளவீடு இல்லாத இடத்தைக் குறிக்கும் எண் மைனஸ் 32,768. இதை மென்பொருளுக்குத் தெரிவிக்காவிட்டால் அதையும் ஓர் உயரம் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். எல்லை மைனஸ் 32,768இல் தொடங்கி 2,637இல் முடிந்தால், மொத்த நீளம் 35,405 மீட்டர். அதை 256 சாம்பல் படிநிலைகளில் பரப்பினால் படிநிலைக்கு 138 மீட்டர். மெரினா கடற்கரையும் பரங்கிமலையும் ஒரே வெள்ளையாகத் தெரியும். "தரவு பழுதாகிவிட்டது" என்று தூக்கிப் போடும் பல கோப்புகளில் உண்மையான கோளாறு இவ்வளவுதான்.

அந்த எண்ணை முறையாக நீக்கிவிட்டு 0 முதல் 2,637 வரை எல்லை வைத்தாலும் படிநிலைக்குப் பத்து மீட்டருக்கு மேல் வருகிறது. சென்னையின் பெரும்பகுதி இரண்டொரு நிறத்துக்குள் அடங்கிவிடும். நீலகிரியைக் காட்டச் செய்த வரைபடத்தில் சென்னையின் பள்ளத்தைத் தேடக் கூடாது. எல்லையை 0 முதல் 20 மீட்டர் என்று சுருக்கினால்தான் நகரத்தின் ஏற்ற இறக்கம் தெரியவரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓரிரு விபரீத எண்களால் படம் கெடாமல் இருக்க, மிகக் குறைந்த 2 சதவீதத்தையும் மிக அதிகமான 2 சதவீதத்தையும் வெட்டிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் நீட்டுவது. செயற்கைக்கோள் படத்துக்கு இது நல்ல உத்தி. வெள்ள அபாயம் பார்ப்பவருக்கோ அந்த அடிமட்ட 2 சதவீதம்தான் வேண்டும். ஆழமான பள்ளமும் சுமாரான பள்ளமும் ஒரே நிறத்தில் குழைந்துவிடுவதால், அழகான படம் கிடைத்தாலும் கேட்ட விஷயம் காணாமல் போகிறது.

கியூஜிஐஎஸ்ஸில் இந்த எல்லையை முழு ராஸ்டருக்கும் ஒருமுறை கணக்கிடலாம், அல்லது திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும்படி வைக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தவர் வரைபடத்தை நகர்த்தும்போதெல்லாம் நிறம் மாறும். முதலில் பச்சையாக இருந்த தெரு, பக்கத்தில் ஒரு குன்று திரைக்குள் வந்ததும் நீலமாகிவிடும். நிலத்தில் எதுவும் மாறவில்லை. ஒப்பிடும் எல்லைதான் மாறியது. எந்த நிறம் எந்த உயரம் என்று காட்டும் விளக்கப் பட்டை இல்லாத உயர வரைபடத்தை நான் நம்பமாட்டேன் என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

நிறத் தேர்வும் கருத்தைத் திணிக்கும். தாழ்ந்த நிலத்துக்கு நீலம் கொடுத்தால், அங்கே தண்ணீர் நிற்பதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. 5 மீட்டரில் நிறம் சட்டென்று மாறும்படி வகுத்தால் 4.9 மீட்டர் வீடு ஆபத்திலும் 5.1 மீட்டர் வீடு பத்திரமாகவும் இருப்பது போலத் தோன்றும். தரவின் பிழையே அந்த இடைவெளியைப் போலப் பல மடங்கு என்பதை எந்த நிறமும் சொல்வதில்லை.

படம் கேட்டால் படம், தரவு கேட்டால் தரவு

இணையத்தில் வரைபடங்களைப் பரிமாற ஓ.ஜி.சி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த நெறிமுறைகள் உண்டு. அவற்றில் டபிள்யூ.எம்.எஸ்., டபிள்யூ.சி.எஸ். இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

டபிள்யூ.எம்.எஸ்.ஸில் கெட்மேப் என்று கேட்டால் சர்வர் மேலே சொன்ன ஐந்து படிகளையும் தானே செய்து, முடிந்த படத்தை அனுப்பும். நம் கையில் கிடைப்பது நிறம் மட்டும். அதிலிருந்து உயரத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒரே நிறத்துக்குள் பல உயரங்கள் அடங்கியிருக்கும். மலை நிழல் சேர்ந்திருந்தால் வடமேற்கிலிருந்து வெயில் அடிப்பதாக வைத்து, தென்கிழக்குச் சரிவுகளின் நிறம் இன்னும் இருண்டிருக்கும். இந்த நிறத்தை எடுத்து விளக்கப் பட்டையோடு பொருத்தி உயரம் கணிப்பது, சமைத்த குழம்பின் நிறத்தைப் பார்த்து எத்தனை மிளகாய் போட்டார்கள் என்று எண்ணுவதைப் போன்றது.

டபிள்யூ.சி.எஸ்.ஸில் கெட்கவரேஜ் என்று கேட்டால் எண்களே வரும். அவற்றை இறக்கி, நாமே வரையலாம், கணக்கிடலாம், கூட்டிக் கழிக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: டபிள்யூ.எம்.எஸ்.ஸின் கெட்ஃபீச்சர்இன்ஃபோ. வரைபடத்தைச் சொடுக்கியதும் சின்னப் பெட்டியில் எண் வருகிறதே, பல தளங்களில் அதன் பின்னால் இருப்பது இதுதான். ஜியோசர்வரில் பெரும்பாலும் கிரே_இண்டெக்ஸ் என்ற பெயரோடு எண் வந்து நிற்கும். கிரே என்பதைப் பார்த்து அது சாம்பல் நிறத்தின் அளவு என்று நினைக்க வேண்டாம். ஒற்றைப் பட்டை ராஸ்டரின், அதாவது பிக்சலுக்கு ஓர் எண் மட்டும் கொண்ட ராஸ்டரின் மதிப்புக்குத்தான் அந்தப் பெயர். இங்கே கவனிக்க வேண்டியது, நாம் அனுப்புவது துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகை இல்லை. "இந்தப் படத்தில் இத்தனையாவது புள்ளி" என்பதே. பெரும்பாலான இணைய வரைபடங்களில் ஜூம் 10இல் திரையின் ஒரு புள்ளி சென்னையில் சுமார் 150 மீட்டர். அதற்குள் எஸ்.ஆர்.டி.எம். பிக்சல்கள் 25 அடங்கும். விரலால் தொடுவது அதைவிடப் பெரிய இடம். மேலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது வேகத்துக்காகப் பல மென்பொருள்கள், முன்கூட்டியே சுருக்கி வைத்த பிரமிட் அடுக்குகளிலிருந்து படிக்கின்றன. அந்த அடுக்கில் மூலப் பிக்சல்கள் சராசரியாகியிருக்கலாம், அல்லது ஒன்று மட்டும் எஞ்சி மற்றவை விடுபட்டிருக்கலாம். ஒரே இடத்தைத் தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் சொடுக்கி இரண்டு எண்கள் பெறுவதற்கு இதுவே காரணம்.

நிறத்துக்குள்ளேயே எண்ணை ஒளித்து அனுப்பும் உத்தியும் இருக்கிறது. முப்பரிமாண வரைபடங்களுக்காக மேப்பாக்ஸ் நிறுவனம் வகுத்த முறையில் ஒரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் சேர்ந்து ஒரு பெரிய எண்ணாகின்றன. சிவப்பை 65,536ஆலும் பச்சையை 256ஆலும் பெருக்கி, நீலத்தோடு கூட்டி, வரும் தொகையை 0.1ஆல் பெருக்கி, 10,000ஐக் கழித்தால் மீட்டரில் உயரம். 7 மீட்டருக்கு சிவப்பு 1, பச்சை 134, நீலம் 230. கண்ணுக்கு அது வெறும் நீலம். இந்தப் படத்தை, கோப்பின் அளவைச் சுருக்கும் ஜேபெக் வடிவத்தில் சேமித்தால் நிறங்கள் சற்றே நகரும். பச்சை ஒன்றே ஒன்று கூடினாலும் உயரம் 25.6 மீட்டர் தாவிவிடும். புகைப்படத்தில் யாருக்கும் தெரியாத மாற்றம் இங்கே எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம்.

எண்ணை எடுக்கும்போது நடக்கும் பிழைகள்

தரவையே இறக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் ஒரு புள்ளியின் மதிப்பை எடுப்பது நினைப்பதைவிடச் சிக்கலானது.

1. அருகிலுள்ள பிக்சலா, இடைக்கணிப்பா? நான்கு பிக்சல்களின் மையங்களுக்கு நடுவே நம் புள்ளி இருக்கிறது. மேல் வரிசையில் 6, 9. கீழ் வரிசையில் 7, 14. புள்ளி இடமிருந்து கால் பங்கும் மேலிருந்து கால் பங்கும் தள்ளி இருக்கிறது. மிக அருகில் இருப்பதை எடுத்தால் விடை 6. நான்கையும் தூரத்துக்கேற்பக் கலக்கும் பைலினியர் முறையில் மேல் வரிசை 6.75, கீழ் வரிசை 8.75, முடிவு 7.25. அந்தப் புள்ளி இரண்டைந்து வந்த வழி இது. உயரம் போலத் தொடர்ச்சியாக மாறும் தரவுக்கு இந்தக் கலப்பு நியாயமானதே. ஆனால் கூடுதல் தசமம் கூடுதல் துல்லியமாகிவிடாது.

2. வகைப்படுத்திய தரவில் கலக்கவே கூடாது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்டுகவர் நிலப்பயன்பாட்டுத் தரவில் மரம் 10, புல்வெளி 30, கட்டடம் 50. மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுப்புள்ளியில் பைலினியர் வைத்தால் சராசரி 30. இல்லாத புல்வெளி ஒன்று முளைத்துவிடும். பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தின் விளிம்பை ஆராய்கிறவர் இந்த ஒரு தவறால் முழு முடிவையும் மாற்றிவிடலாம். வகைகளைக் குறிக்கும் ராஸ்டரில் அருகிலுள்ள பிக்சல் மட்டும்தான்.

3. அளவீடு இல்லாத பிக்சல் சராசரிக்குள் நுழைவது. ஒரு வார்டில் பத்து பிக்சல். ஒன்பதில் 5 மீட்டர், ஒன்றில் மைனஸ் 32,768. நீக்காமல் சராசரி எடுத்தால் மைனஸ் 3,272.3. இவ்வளவு அபத்தமாக வந்தால் பிழை உடனே தெரியும். சில தரவுகளில் அளவீடு இல்லாத இடத்தில் 0 நிரப்பியிருப்பார்கள். அப்போது சராசரி 4.5. யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டில் இதுதான் ஆபத்தானது.

4. அட்சரேகை முதலிலா, தீர்க்கரேகை முதலிலா? டபிள்யூ.எம்.எஸ். 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். 1.3.0 பதிப்பில், 4326 என்ற எண்ணால் குறிக்கும் வழக்கமான அட்சரேகை தீர்க்கரேகை ஆய முறைக்கு அட்சரேகை முதலில். மாற்றிக் கொடுத்தால் 13 வடக்கு, 80 கிழக்கு என்பது 80 வடக்கு, 13 கிழக்கு ஆகிவிடும். அது ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் பகுதி. எஸ்.ஆர்.டி.எம். 60 டிகிரியோடு நின்றுவிடுவதால் அங்கே வெறுமைதான் கிடைக்கும்.

5. அரைப் பிக்சல் நகர்வு. எஸ்.ஆர்.டி.எம்.மில் எண் என்பது ஒரு புள்ளியின் உயரம். ராஸ்டர்களைச் சேமிக்கும் ஜியோடிஃப் வடிவக் கோப்புகளில் பெரும்பாலும் எண் ஒரு கட்டத்தின் பரப்புக்கு உரியது. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் முழுப் படமும் 15 மீட்டர் நகர்ந்துவிடும். சமவெளியில் பெரிதாகத் தெரியாது. ஏரிக்கரையிலும் மலைச் சரிவிலும் தெரியும்.

பரப்புக்கு மதிப்பெடுக்கும்போது வேறொரு கேள்வி. எல்லைக்கோடு பிக்சலைப் பாதியாக வெட்டினால் அதைச் சேர்ப்பதா விடுவதா? பிக்சலின் மையம் எல்லைக்குள் இருந்தால் சேர்ப்பது வழக்கம். ஒரு தாலுகாவுக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரு கிரவுண்டு மனைக்குள் எந்தப் பிக்சலின் மையமும் விழாமலே போகலாம்.

எந்தக் கடல் மட்டம்?

இனி அந்த மைனஸ் 78க்கு வருவோம். ஜி.பி.எஸ். கருவி உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமியைச் சற்றே தட்டையான உருண்டையாகக் கற்பனை செய்த எலிப்சாய்டு என்ற கணித வடிவத்திலிருந்து அளக்கிறது. கடலோ அந்த வடிவத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. பூமிக்குள் நிறை ஒரே சீராகப் பரவியிருக்காததால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. அதற்கேற்பக் கடல் மட்டமும் மேடு பள்ளமாக இருக்கிறது. ஈர்ப்பைப் பின்பற்றும் அந்தச் சராசரிக் கடல் பரப்பை நிலத்துக்கு அடியிலும் நீட்டிப் பார்த்தால் கிடைப்பது ஜியாய்டு.

உலகிலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் நமக்குத் தெற்கேதான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் அது எலிப்சாய்டைவிட ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. அந்தத் தாழ்வின் விளிம்பில் இருப்பதால் சென்னையிலும் கடல் மட்டம் எலிப்சாய்டுக்குச் சுமார் 85 மீட்டர் கீழே இருக்கிறது. கடலுக்கு 7 மீட்டர் மேலே நிற்பவரின் எலிப்சாய்டு உயரம் மைனஸ் 78. ஆண்ட்ராய்டு கைப்பேசி வழக்கமாகச் செயலிகளுக்குத் தருவது எலிப்சாய்டு உயரம். திருத்தம் செய்யாத செயலி அதை அப்படியே காட்டிவிடுகிறது. கைப்பேசியில் பழுதில்லை.

எஸ்.ஆர்.டி.எம். உயரங்கள் 1996இல் வகுத்த ஈ.ஜி.எம்.96 ஜியாய்டிலிருந்தும், ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் உயரத் தரவு ஈ.ஜி.எம்.2008இலிருந்தும் அளக்கப்பட்டவை. இஸ்ரோவின் கார்டோசாட்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவாகி, புவன் தளத்தில் கிடைக்கும் கார்டோடெம், எலிப்சாய்டு உயரங்களைத் தருகிறது. கார்டோடெமில் தமிழகக் கடற்கரை முழுவதும் மைனஸாக வருவதைப் பார்த்து எல்லாம் கடலுக்குள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ரயில் நிலையப் பலகையின் எண் இவை மூன்றிலிருந்தும் மாறுபட்ட வழியில் வந்தது. இந்திய நில அளவைத் துறை ஒன்பது துறைமுகங்களின் அலை அளவீடுகளைக் கொண்டு 1909இல் நிறுவிய சராசரிக் கடல் மட்டமே அந்த மரபின் ஆதாரம். அந்த ஒன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு.

நிலமா, கூரையா?

அந்த 12.4 மீட்டருக்கு விளக்கம் இங்கே கிடைக்கக்கூடும். எஸ்.ஆர்.டி.எம். ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அடர்ந்த மரக்கிளைகளைத் துளைத்து நிலத்தைத் தொட அதனால் முடியாது. கட்டடக் கூரையில் பட்டும் திரும்பிவிடும். நெருக்கமான குடியிருப்பில் பிக்சலின் எண் நிலமும் கூரையும் மரமும் கலந்த ஒன்று. 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் அளவீடுகளிலிருந்து உருவான கோப்பர்நிகஸ் தரவும் மேற்பரப்பையே காட்டுகிறது. ஒன்று 2000இல் இருந்த நகரம், மற்றொன்று பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்த அடுக்குமாடிகள் முதலாவதில் இல்லை. இரண்டும் முரண்படுவது இயல்பு.

இதன் விளைவு ஒரு தெருவோடு நிற்பதில்லை. கடல் மட்டம் உயர்ந்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்ற உலகளாவிய கணக்குகள் நெடுங்காலம் எஸ்.ஆர்.டி.எம்.மை நம்பியிருந்தன. கூரையையும் மர உச்சியையும் நிலம் என்று எடுத்துக்கொண்டதால் கடலோரம் உண்மையைவிட உயரமாகத் தோன்றியது. 2019இல் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பின் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் அந்தப் பிழையைத் திருத்திய தரவைக் கொண்டு கணக்கிட்டார்கள். இன்றைய உயர் அலைக் கோட்டுக்குக் கீழே வாழ்பவர்கள் பழைய தரவின்படி 2.8 கோடி, திருத்தியதின்படி 11 கோடி. கடலும் மக்களும் அப்படியே இருந்தார்கள், பிக்சலில் இருந்த எண் மட்டும் திருத்தப்பட்டது. கோப்பர்நிகஸ் தரவிலிருந்து கட்டடங்களையும் காடுகளையும் கணினி முறையில் அகற்றிய ஃபேப்டெம் என்ற தரவை பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். வெள்ளம் பற்றிய கேள்விக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில் இத்தகைய நிலத் தரவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மனைக்கு உயரம் பார்க்க விரும்புகிறவர் செய்யக்கூடியது

1. தளத்தில் சொடுக்குவதற்கு முன் தரவின் பெயரைத் தேடுங்கள். எஸ்.ஆர்.டி.எம்.மா, கோப்பர்நிகஸா, கார்டோடெமா என்று சொல்லாத தளத்தின் எண்ணை எழுதி வைக்க வேண்டாம்.

2. முடிந்தால் கோப்பை இறக்கி கியூஜிஐஎஸ்ஸில் திறங்கள். ஐடென்டிஃபை கருவியால் சொடுக்கினால் பிக்சலில் எழுதியிருக்கும் எண்ணையே பார்க்கலாம். லேயர் விவரத்தில் அளவீடு இல்லாததைக் குறிக்கும் எண்ணையும் அலகையும் சரிபாருங்கள்.

3. ஒரு பிக்சலோடு நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள எட்டையும் சேர்த்துப் பாருங்கள். 6, 7, 6, 14, 7 என்று வந்தால் அந்த 14 மேடாக இருப்பதைவிடக் கட்டடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். திறந்த மைதானம், கோயில் குளத்தின் கரை, அகலமான சாலை ஆகியவற்றின் மேல் விழும் பிக்சல்கள் நிலத்துக்கு நெருக்கமான எண்ணைத் தரும்.

4. ஒப்பிடுவதானால் ஒரே தரவுக்குள் ஒப்பிடுங்கள். எஸ்.ஆர்.டி.எம்.முக்கு நிர்ணயித்த இலக்கே, 90 சதவீத இடங்களில் பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். நடைமுறையில் அதைவிடத் துல்லியமாகவே அமைந்தது. என்றாலும் ஓரிரு மீட்டர் வித்தியாசத்தை வைத்து இரண்டு மனைகளில் எது மேடு என்று தீர்மானிக்க அது போதாது.

5. வெள்ளம் உயரத்தை மட்டும் பார்த்து வருவதில்லை. மனை 8 மீட்டரில் இருந்தும் சுற்றிலும் 10 மீட்டர் என்றால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். 4 மீட்டரில் இருந்தும் வடிகால் தடையின்றிக் கடலுக்குப் போனால் வடிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைவிட, பக்கத்து ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலைவிட நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பது பயனுள்ள கேள்வி.

6. வீடு கட்டும் முன் தரைமட்டம் எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்க இந்த ராஸ்டர்கள் எதுவும் உதவாது. சர்வேயரை அழைத்து, உயரம் பதிவான பெஞ்ச்மார்க் கல்லிலிருந்தோ குறைந்தபட்சம் சாலையின் நடுமட்டத்திலிருந்தோ ஆட்டோ லெவல் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். விண்ணோடம் நான்கு கிரவுண்டுக்கு ஓர் எண் கொடுத்த இடத்தில், அவர் மனையின் நான்கு மூலைக்கும் நான்கு எண்கள் தருவார், சென்டிமீட்டர் கணக்கில்.